அவர் பையில் என் பாஸ்போர்ட்

சமையலறை மேஜை மேல் காலை வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலில் எங்கள் முதலாளி சின்ன அர்பாப் இரண்டு பாஸ்போர்ட்டுகளை வைத்தார். ஒன்று என்னுடையது. அல் ஐனில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கையில் கொடுத்தது. அதற்குப் பிறகு அதை நான் தொட்டதில்லை. ஜெர்மனிக்கு வரும்போது விமான நிலையத்தில்கூட அவரே நீட்டினார், அவரே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் கையை நீட்டினேன். அவர் என் கையை விலக்கினார். திறந்து படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பாஸ்போர்ட்டை, பக்கத்தில் நின்ற சமையல்காரர் சாகுல் காக்காவிடம் கொடுத்தார். சாகுல் காக்காவுடையதை என்னிடம் கொடுத்தார்.

அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்ளப் போனோம்.

"லா, லா! ஐசேஹி ரக்கோ" என்றார். அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

சாகுல் காக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சிரிப்பு போய்விட்டது.

அர்பாபின் ஏற்பாடு

நான் அப்போது துபாய்ப் பக்கம் அல் ஐனில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். முதலாளியை அங்கே அர்பாப் என்போம். வீட்டுப் பெரியவரைப் பாபா என்று கூப்பிடுவோம். அவருடைய மூத்த மகன்தான் சின்ன அர்பாப். விசாவும் சம்பளமும் அவர் கையில்.

ஜூலை வந்தால் வசதியான அரபிக் குடும்பங்கள் குளிர் தேடி ஐரோப்பாவுக்குப் போய்விடும். கூடவே சமையல்காரர், டிரைவர், பிள்ளை பார்க்கும் பெண் என்று ஆட்களையும் அழைத்துப் போவார்கள். அந்த வருடம் பாபாவுக்கு இடுப்பு வைத்தியமும் சேர்ந்துகொண்டதால் ஹைடெல்பெர்க் என்ற பழைய ஊரில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். சமைக்கச் சாகுல் காக்கா. பாபாவின் சக்கர நாற்காலியைத் தள்ள நான்.

இப்படி அழைத்துப் போகிற ஆட்களில் சிலர் அங்கேயே ஓடிவிடுவார்கள். முந்தின வருடம் பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண் ஒரு கடைக்குள் போனவள் மறு வாசல் வழியாகப் போய்விட்டாள். அல் ஐனில் அந்தத் தெரு முழுக்க அதே பேச்சு. அதனால்தான் பாஸ்போர்ட் வெளியே வராமல் இருந்தது.

அன்றைக்குச் சின்ன அர்பாப் மனைவி மக்களோடு வேறொரு ஊரில் இருந்த விளையாட்டுப் பூங்காவுக்குக் கிளம்பினார். பாபாவுக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாள். மலை மேல் தெரிகிற சிவப்புக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வழியில் போலீஸ் கேட்டால் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். கொடுத்தால் ஓடிவிடுவார்கள். யோசித்து இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருந்தார். ஒருவன் ஓடினாலும் அவன் பாஸ்போர்ட் மற்றவன் பையில் இருக்கும். ஆகவே இருவரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும்.

கிளம்பும்போது என்னை மட்டும் மாடிப்படிக்குக் கூப்பிட்டார். "ராஜு, குக் மேலே கண் வை. அவன் போனால் உன் ரிலீஸ் கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது. ரிலீஸ் என்பது முதலாளி கையெழுத்துப் போட்டு நம்மை விடுவது. அது இருந்தால் வேறு இடத்துக்கு முறையாக வேலை மாறலாம். இல்லாமல் கிளம்பினால் தடை விழும். அதற்குப் பயந்து பழைய இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். கத்தாரில் ராஸ் லஃபானில் என் சித்தப்பா மகன் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு வேலை பேசி வைத்திருந்தான். அல் ஐன் திரும்பியதும் கையெழுத்துப் போடுவதாகச் சின்ன அர்பாப் சொல்லியிருந்தார். அந்த வருடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

ஃபஹாஹீலில் கற்றது

யாரையும் நம்பாத பழக்கம் எனக்குக் குவைத்தில் வந்தது. எட்டாவது ஃபெயில் ஆனவனுக்குக் கிடைக்கிற வேலைகளாகச் சுற்றி, ஃபஹாஹீலில் ஒரு கட்டடக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஒரே ரூமில் அடுக்குக் கட்டில்கள். என் மேல் கட்டிலில் இருந்தவன் அன்பான ஆள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பான். ஒரு வெள்ளிக்கிழமை என் செருப்பைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான். திரும்பவில்லை. வேறு ஊருக்கு ஓடி, வேறு பெயரில் வேலை செய்வதாகப் பிறகு தகவல் வந்தது.

போர்மன் எங்களை வரிசையில் நிறுத்தி விசாரித்தார். "உன் கட்டிலுக்கு மேலே படுத்தவன், உனக்குத் தெரியாமல் எப்படிப் போவான்?" என்று என்னைத்தான் அதிகம் கேட்டார். அந்த வருட லீவு எனக்கு வெட்டுப்பட்டது. செருப்பும் போனது.

அதிலிருந்து கஞ்சி வைத்துக் கொடுப்பவனைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

சாகுல் காக்கா கீழக்கரைக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள் என்று அவரே சொல்லி என்னையும் அப்படிக் கூப்பிட வைத்தார். எனக்கென்று தனியாக மீன் தலை எடுத்து வைப்பார். அதனால் அவர் மேலும் எனக்கு ஒரு கண் உண்டு.

விஞ்ச் ரயில்

ஊர் அழகானதுதான். ஆனால் சக்கர நாற்காலி தள்ளுகிறவனுக்கு அழகு தெரியாது, தரை தெரியும். தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் என் தோள்வரை வந்து தட்டியது. பாபாவின் குரல் நடுங்கி நடுங்கி வந்தது. பேக்கரிகளிலிருந்து வெண்ணெய் வாசனை. அந்த வருடம் அங்கேயும் நல்ல வெயில். வெள்ளைக்காரர்கள் நிழலை விட்டுவிட்டு வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாபா அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சாகுல் காக்கா ஒரு துணிப்பையை இடுப்போடு அணைத்துப் பிடித்தபடி வந்தார். அதை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டச் சொன்னேன்.

"இருக்கட்டும் தம்பி."

"கனமா இருக்கே காக்கா, என்ன இருக்கு?"

"தண்ணி பாட்டிலு."

தண்ணீர் பாட்டிலை யாராவது அப்படி அணைத்துப் பிடிப்பார்களா? மாற்றுச் சட்டை இருக்கும் என்று முடிவு செய்தேன்.

கோட்டைக்குப் போக மலையில் கயிறு இழுக்கிற ரயில். பழனியில் விஞ்ச் பார்த்தவனுக்கு அது புதிதில்லை. ஏறுவதில்தான் சிக்கல். நான் முதலில் ஏறிக் கதவு மூடிவிட்டால் அவர் வெளியே நின்றுவிடுவார். அவர் முதலில் ஏறினால் நான் வெளியே.

"நீ ஏறு தம்பி."

"பெரியவங்க நீங்க ஏறுங்க."

"சேர் உங்கிட்டல்ல இருக்கு, நீ ஏறு."

"முன்னால நீங்க பிடிச்சாத்தான் ஏத்த முடியும்."

பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்து, பக்கவாட்டில் நண்டு போல, ஒரே நேரத்தில் உள்ளே போனோம். பாபா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாகல் லோக்" என்றார். பைத்தியக்காரர்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவரைக் கண்காணிக்கிறேன், சரி. அவர் ஏன் என்னை விடாமல் பார்க்கிறார்? நான் குனிந்து செருப்பு வார் போட்டாலும் அவரும் நிற்கிறார். நான் அசந்த நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கோட்டைக்குள் ஒரு வீடு அளவுக்கு மரப் பீப்பாய் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ராஜா ஒயின் நிரப்பி வைத்தது. பாபா, இதில் என்ன இருந்தது என்று கேட்டார். நான் சாகுல் காக்காவைப் பார்த்தேன்.

"ஹல்லு, பாபா" என்றார் அவர் கூசாமல். ஹல் என்றால் வினிகர்.

பாபா பீப்பாயை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வினிகரா? என்ன ஊறுகாய் போட்டார்கள்?" என்று கேட்டுவிட்டுத் தாடி குலுங்கச் சிரித்தார். எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். இவ்வளவு முகம் மாறாமல் பொய் சொல்கிற காக்கா என்னிடம் என்னென்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஓடியது.

கோட்டை மதிலோரம் பாபாவுக்குத் தாகம் எடுத்தது. சாகுல் காக்கா தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தார். உண்மையிலேயே தண்ணீர் பாட்டில்தான். பாபா முழுவதையும் குடித்துத் தீர்த்தார். சாகுல் காக்காவின் முகம் கறுத்துப் போனது. தண்ணீருக்கு யாராவது இப்படி முகம் வாடுவார்களா? அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். ஓடுகிற வழிக்கு வைத்திருந்தார் போல.

பாலத்தில் ஒரு தமிழ்க் குரல்

மத்தியானம் கீழே இறங்கி ஆற்றுப் பாலத்துக்கு வந்தோம். இரண்டு வெள்ளைக் கோபுரம் வைத்த வாசல், அதையொட்டிப் பித்தளைக் குரங்கு ஒன்று. குரங்குத் தலைக்குள் தலையை விட்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள தலைய விடுறியா தம்பி? நல்லாப் பொருந்தும்."

"நீங்க விடுங்க. நான் சேரைப் பிடிச்சுக்கறேன்."

"நான் விட மாட்டேன். தலை உள்ள இருந்தா வெளிய என்ன நடக்குன்னு தெரியாது."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணை, நீங்கள் தமிழோ?"

கறுப்புப் பேண்ட், சமையல்காரர் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் சிகரெட். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்துச் சந்தில் ஒரு ரெஸ்டாரண்டில் சமையல் வேலை. பெயரைச் சிவா என்று சொன்னார்.

"இந்தியாவில எவடம்?"

"நான் அறந்தாங்கி பக்கம். இவரு கீழக்கரை."

"இந்த ஐயா?"

"எங்க முதலாளியோட வாப்பா" என்றார் சாகுல் காக்கா. "துபாய் பக்கத்துலேர்ந்து வாறோம்."

"பாஸ்போட் உங்களிட்டயோ?"

இந்தக் கேள்வி வந்ததும் நாங்கள் இருவரும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தோம். நான் நடந்ததைச் சொன்னேன். சிவா புகை வெளியே வர இருமி இருமிச் சிரித்தார்.

"உங்கட முதலாளிக்கு விசயம் தெரியாது அண்ணை. இஞ்ச நிக்கிறதுக்குப் பாஸ்போட் தேவையில்லை. நான் வரேக்க அதைக் கிழிச்சுக் கக்கூசுக்குள்ள போட்டிட்டுத்தான் இறங்கினனான். பாஸ்போட் இருந்தாத்தான் திருப்பி அனுப்புவாங்கள்."

சின்ன அர்பாப் போட்ட பூட்டு ஒரு வார்த்தையில் கழன்றுவிட்டது. சாகுல் காக்கா ஓட வேண்டுமானால் அவருடைய பாஸ்போர்ட் என்னிடம் இருப்பது அவருக்கு நஷ்டமே இல்லை. அவர் போனால் என் பாஸ்போர்ட்டும் போகும், ரிலீஸும் போகும். நான் அவருடைய படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

அந்த நேரம் பார்த்துச் சாகுல் காக்கா சிவாவின் காதருகே குனிந்து என்னமோ சொன்னார். சிவா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வாங்கோ, கெதியா வாங்கோ" என்றார். இருவரும் சந்துக்குள் வேகமாகப் போனார்கள். சாகுல் காக்கா ஏறக்குறைய ஓடினார்.

"காக்கா!" என்று கத்தினேன். அவர் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினார். அது இதோ வந்துவிடுகிறேன் என்பதா, போய் வருகிறேன் என்று விடைபெறுவதா?

பந்தயம்

பாபாவை விட்டுவிட்டு ஓட முடியாது. ஓடாமல் நிற்கவும் முடியாது. நாற்காலியைத் திருப்பி, அந்தக் கல் தெருவில், அவரோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

சக்கரங்கள் தடதடவென்று அடித்தன. கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. ஒரு அம்மா நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டாள். பாபா பயந்து அலறப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ முன்னால் சாய்ந்து கைப்பிடியைத் தட்ட ஆரம்பித்தார். இளமையில் ஒட்டகப் பந்தயத்தில் பேர் எடுத்தவர். "யல்லா, யல்லா! ஜல்தி!" என்று என்னை விரட்டினார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்க்கவில்லை.

சந்தின் கடைசியில் குப்பைத் தொட்டிகள் நின்றன. எண்ணெய் வாசனை வந்தது. ஒரு பின்வாசல் படியில் சிவா மட்டும் தனியாக நின்று சிகரெட்டை முடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு எங்க?" எனக்கு மூச்சு வாங்கியது.

"உள்ள."

"உள்ள எங்க?"

"கக்கூசில அண்ணை." சிவா சிரிப்பை அடக்கப் பார்த்தார். "காலமையில இருந்து பாவம் மனுசன் அடக்கிக்கொண்டு திரியிறார். இஞ்ச எல்லா இடமும் பேப்பர்தானே. நாங்கள் தமிழ் ஆக்கள் மூண்டு பேர் கிச்சனில வேலை. உள்ளுக்க ஒரு வாளி வச்சிருக்கிறம்."

தண்ணீர் பாட்டிலை ஏன் அப்படி அணைத்துப் பிடித்தார், பாபா குடித்ததும் ஏன் முகம் கறுத்தது என்பதெல்லாம் அந்த வாளியில் தெளிந்தது. அந்த ஊரில் எனக்கும் அதே கஷ்டம்தான். பொதுக் கழிப்பறைகளில் கை கழுவுகிற தொட்டிக்குள் பாட்டில் நுழையாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் பாட்டிலையே முறைப்பாள்.

சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன். பாபா இன்னொரு ஓட்டம் ஓடலாமா என்று கேட்டார்.

கோப்பை கழுவ ஆள்

சிவா சிகரெட்டைக் காலால் தேய்த்தார். "இஞ்ச கோப்பை கழுவ ஒரு ஆள் தேவை அண்ணை" என்றார், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போல. "முதலாளி இத்தாலிக்காரன். நல்ல மனுசன், காசு பிந்தாது. உங்களுக்கு விருப்பமெண்டா நான் கதைக்கிறன்."

"நமக்கெல்லாம் எதுக்கு" என்றேன்.

"சும்மா சொன்னனான்."

உள்ளே தட்டுகள் மோதுகிற சத்தம். யாரோ தமிழில் யாரையோ திட்டினார்கள். கதவு வழியாகக் குளிர்ந்த ஈரக் காற்று வந்தது. பாபாவின் நாற்காலிக் கைப்பிடியிலிருந்து என் கை தானாக விலகியிருந்தது. உள்ளங்கை சிவந்து கிடந்தது.

"தங்க எடம் இருக்கா?" என்று கேட்டேன்.

சிவா பதில் சொல்லுமுன் அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். சாகுல் காக்கா வாசற்படியில் நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது, பேண்ட்டின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது.

"போலாமா தம்பி?" என்றார்.

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மறு கை என் முழங்கைமேல் இருந்தது.

தனித்தனி விசாரணை

சாயங்காலம் சின்ன அர்பாப் வந்ததும் முதல் காரியமாகப் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"குக் எங்கேயாவது தனியாகப் போனானா?"

போனார் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஒரு தமிழனோடு ஒரு சந்துக்குள் போனார். வாளிக் கதையைச் சின்ன அர்பாப் நம்ப மாட்டார். சாகுல் காக்காவை அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டு, என்னைத் தட்டிக் கொடுப்பார்.

"எங்கேயும் போகல அர்பாப். எங்க கூடவே இருந்தார்."

அவர் தலையாட்டினார். "அவனைக் கூப்பிடு."

அப்போதுதான் தெரிந்தது, காலையில் சாகுல் காக்காவிடமும் என்னைப் பற்றி இதே பேச்சைப் பேசியிருக்கிறார். விஞ்ச் ரயிலில் எங்கள் இருவரையும் நண்டாக்கியது அதுதான்.

சாகுல் காக்கா உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன். அவர் என்னைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தங்க இடம் கேட்டதை அவர் காதால் கேட்டிருக்கிறார். கதவுக்குப் பின்னால் அவருடைய அரபி நீண்டுகொண்டே போனது. இல்லை என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

"என்ன கேட்டாரு காக்கா?"

"பாபா என்ன சாப்பிட்டாருன்னு கேட்டாரு."

ஃபஹாஹீல் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் ஜெர்மனியில் இருந்த நாட்கள் முழுக்க அவர் எடுத்து வைத்த மீன் தலையை நான் தொடவில்லை.

அல் ஐன் அடுப்படி

அல் ஐன் திரும்பிய சில நாட்களில் சின்ன அர்பாப் என்னைக் கூப்பிட்டார். கலாஸ், உன் வேலை முடிந்தது என்று சொல்லப் போகிறார் என்றே போனேன். ரிலீஸில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கூடவே பாஸ்போர்ட். முகத்தில் சிரிப்பில்லை. சீக்கிரம் கிளம்பு என்பது போலக் கையை அசைத்தார்.

பெட்டியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த அடுப்படிக்குப் போனேன். ஏசி இல்லாத இடம். சாகுல் காக்கா தோளில் துண்டோடு மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டாரு காக்கா."

"தெரியும்."

"அன்னைக்கு அங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் மீனைத் திருப்பிப் போட்டார். "நீ ஓடிருவேன்னு சொன்னேன்."

நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"'இவன் நிக்கிற ஆளு இல்ல. இந்த வருசம் தப்பிச்சீங்க. அடுத்த வருசம் கூட்டிட்டு வந்தா, பாபாவ நடுரோட்டுல விட்டுட்டுப் போயிருவான். போலீஸு, கேஸுன்னு உங்க பேருதான் கெடும். கேக்குற ரிலீஸக் குடுத்து இப்பவே தொலைச்சிருங்க'ன்னேன். அந்த ஆளுகிட்ட நல்லவன்னு சொன்னா விடுவாரா? நல்லவன வச்சுக்குவாரு."

"எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

"உனக்காகவும்தான்" என்றார். "எனக்காகவும்தான். நீ ஓடுனா எம் பொழப்பும்ல போகும்."

எண்ணெய் சடசடத்தது. கேட்காமல் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நெசமாவே நான் ஓடுவேன்னு நெனச்சீங்களா காக்கா?"

சாகுல் காக்கா கரண்டியைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"நீ சொல்லு தம்பி" என்றார்.

வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன்.